காயாத துணி: துணியும் பிளாஸ்டிக் ஃபிலிமும் பலகையாகும் விதம்

ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்து, அச்சடித்த தாள் ஒன்றின் மேல் விரியுங்கள். அடியில் இருக்கும் எழுத்து தெரியாது. இப்போது விரலைத் தண்ணீரில் முக்கி நாலு சொட்டு அதன் மேல் விடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் துணி சாம்பல் பூத்து, அடியில் இருக்கும் எழுத்து மங்கலாக மேலே வரும். காய்ந்ததும் பழையபடி வெள்ளை. எல்லோரும் பார்த்ததுதான். துணியை பிளாஸ்டிக் ஃபிலிமுக்குள் வைத்து அழுத்தி அலங்காரப் பலகை செய்ய நினைப்பவருக்கு முதல் பாடம் இந்த நாலு சொட்டில் இருக்கிறது. லேமினேட் செய்த துணி என்பது நனைந்த பிறகு காயவே காயாத துணி.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு பலகையைப் பாழாக்கிய பிறகு. மெல்லிய வெள்ளைத் துணி, அதில் வெள்ளை நூலாலேயே பூவேலை. பிளைவுட் மேல் வைத்து, துணிக்கு மேலும் கீழும் ஃபிலிம் போட்டு, சூட்டில் அழுத்தி எடுத்தேன். பூவைக் காணோம். துணி இருந்த இடத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம். அதற்கடியில் பிளைவுட்டின் ரேகையும், அளவுக்காக நானே போட்ட பென்சில் கோடும் நன்றாகத் தெரிந்தன. ஃபிலிம் அழுக்கா, சூடு கூடிவிட்டதா என்று இரண்டு நாள் தேடினேன். எதிலும் தவறில்லை. ஒட்டு மிக நன்றாகப் பிடித்திருந்தது. கெடுத்ததே அதுதான்.

துணிக்கு வெண்மை கொடுப்பது நூல் அல்ல, இழைகளுக்கு நடுவே தங்கியிருக்கும் காற்று. ஒற்றைப் பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் அது கண்ணாடி இழையைப் போல ஒளியை உள்ளே விடுவது தெரியும். அதன் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, ஏறக்குறைய 1.53 முதல் 1.58 வரை, காற்றுக்கு 1. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், ஒளி காற்றிலிருந்து இழைக்குள் போகும்போது நாலைந்து சதவீதம் திரும்பித் தெறிக்கிறது. வெளியே வரும்போதும் அப்படியே. மெல்லிய துணியில்கூட ஒளி இப்படிப் பல பரப்புகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி, கடைசியில் எல்லாத் திசையிலும் வெளியேறுவதைத்தான் நம் கண் வெள்ளை என்கிறது. நுரை வெள்ளையாக இருப்பதற்கும் இதே காரணம்.

காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கணக்கு மாறுகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தெறிப்பு அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக் உருகிப் புகுந்தால் இன்னும் மோசம்: பாலிஎத்திலீன் 1.51, ஈவிஏ என்ற ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் 1.49-ஐ ஒட்டி. இழைக்கும் இவற்றுக்கும் அநேகமாக வித்தியாசமே இல்லை. தெறிப்பு பத்தில் ஒரு பங்கு சதவீதம்கூட வராது. ஆகவே தண்ணீர்ச் சொட்டு காட்டுவது முன்னோட்டம்தான், படம் அதைவிட ஒரு படி மேலே போகும். எந்தத் துணியை எடுத்தாலும் ஓரத்தை நனைத்து, எந்த நிறப் பலகையில் ஒட்டப்போகிறோமோ அதே நிறத்தின் மேல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. வெளிர் நிறங்கள் கரைந்துபோகும், அடர் நிறங்கள் இன்னும் ஆழமாகும். ஒருபக்க அச்சு இருக்கும் துணியில் மறுபக்கத்து மங்கலும் முன்பக்கத்துக்கு வந்து கலக்கும்.

லேமினேட் ஆலைகள் இந்தச் சிக்கலைக் காகிதத்தில் எப்போதோ தீர்த்துவிட்டன. மேசை மேல் ஒட்டும் ஷீட்டின் மேலடுக்கில் இருக்கும் டிசைன் காகிதத்தைச் செய்யும்போதே டைட்டானியம் டைஆக்சைடு தூளைத் தாராளமாகக் கலக்கிறார்கள். அதன் ஒளிவிலகல் எண் 2.7 அளவில் இருப்பதால் ஊறவைத்து இறுக்கும் பிசினான ரெசின் எதுவாலும் அதை விழுங்க முடியாது. ரெசினில் ஊறிய பிறகும் காகிதம் வெள்ளையாகவே நிற்கும். நெசவுத் துணியில் அந்த வசதி இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: மினுமினுப்பைக் குறைப்பதற்காக இதே தூளைக் கலந்து நூற்ற பாலியெஸ்டர். அதனால்தான் சில மலிவான பாலியெஸ்டர் துணிகள் ஃபிலிமுக்குள் போன பிறகும் வெண்மையை ஓரளவு காப்பாற்றிக்கொள்கின்றன, உயர்ந்த பருத்தி தோற்றுப்போகிறது. பருத்தியேதான் வேண்டும் என்றால் அடியில் நல்ல வெள்ளைத் தளம் தேவை. துணி அப்போது ஒரு வண்ணக் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். வெளிச்சம் அதைத் தாண்டிப் போய் வெள்ளையில் மோதித் திரும்பும்.

தச்சு வேலை செய்பவர்கள் இந்த மாதிரி ஷீட்டை எல்லாம் மைக்கா என்றுதான் சொல்கிறார்கள். மைக்கா என்பது அபிரகம், அதாவது பாறையிலிருந்து ஏடு ஏடாக உரியும் கனிமம். ஷீட்டில் அது துளியும் கிடையாது. பெயர் வந்த வழி வேடிக்கையானது. 1912-இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் இருந்த டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இருவர், மின்கருவிகளில் காப்புப் பொருளாக இருந்த அபிரகத்துக்கு மாற்று தேடினார்கள். லியோ பேக்லண்ட் சில ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்திருந்த பேக்கலைட் ரெசினை அடுக்குகளில் ஊறவைத்துச் சூட்டில் இறுக்கினால் கெட்டியான காப்புப் பொருள் கிடைத்தது. மைக்காவுக்குப் பதிலாக வந்தது என்ற பொருளில் அதற்கு ஃபார்மைக்கா என்று பெயர் வைத்தார்கள். பதிலாக வந்தது பிறகு மைக்காவின் பெயரையே எடுத்துக்கொண்டது. ஆகவே இந்தத் தொழிலின் பிறப்பு அலங்காரத்தில் இல்லை. அதே காலத்தில் கேன்வாஸ் துணியைப் பேக்கலைட் வகையான ஃபீனாலிக் ரெசினில் ஊறவைத்து அழுத்திய மைக்கார்ட்டா போன்ற பலகைகள் பல்சக்கரமும் விமான விசிறியும் செய்யும் அளவுக்கு உறுதியாக இருந்தன. இன்றைக்கும் கத்திப் பிடிகளில் அதைப் பார்க்கலாம். தேய்க்கத் தேய்க்க நெசவின் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) மேடுபள்ள வரைபடம் போலத் தெரியும். பயனுக்காகச் செய்த துணிப் பலகை, அலங்காரத்துக்கென்று செய்த பலவற்றைவிட அழகாக அமைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

துணியைப் பிசினால் இறுக்கும் யோசனை இதற்கெல்லாம் மிக மூத்தது. ஜப்பானின் நாரா நகரில் கோஃபுகு-ஜி கோயிலில் இருக்கும் அசுரர் சிலை 734-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உயரம் 153 சென்டிமீட்டர். களிமண் உருவத்தின் மேல் சணல் வகைத் துணியை அடுக்கடுக்காக மரப்பிசின் லாக்கரால் ஒட்டி, இறுகியதும் உள்ளே இருந்த மண்ணை எடுத்துவிட்டுச் செய்தது. உள்ளே தாங்குவதற்கு ஒரு மரச்சட்டம், மற்றபடி வெறுமை; ஓடு மட்டும் துணியும் பிசினும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. அங்கே ஒவ்வொரு அடுக்கும் காய்வதற்குக் காத்திருந்தார்கள். உள்ளே இருந்த ஈரமும் காற்றும் வெளியேற அவகாசம் கிடைத்தது. அந்தப் பல நாள் வேலையை நாம் சில நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறோம். தொல்லைகள் அனைத்தும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் தொல்லை ஈரம். தொட்டால் உலர்ந்திருக்கும் பருத்தித் துணி உண்மையில் உலர்ந்ததல்ல. சாதாரண அறைக் காற்றில் அது தன் எடையில் 7, 8 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளியும் பட்டும் இன்னும் அதிகம். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள பருத்தித் துணியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதில் ஏறக்குறைய 11 கிராம் தண்ணீர் இருக்கும், இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றே கூட. 130 டிகிரி சூட்டில் அது ஆவியானால் 20 லிட்டர். ஒரு குடத்தை நிரப்பும் ஆவி, காகிதத் தடிமன்கூட இல்லாத இடுக்கில், மேலும் கீழும் ஃபிலிம் மூடியிருக்க, எங்கே போகும்? ஓரம் வழியாகத் தப்பிக்கும், தப்ப முடியாதது கொப்புளமாக எழும். அதே எடை பாலியெஸ்டர் என்றால் ஆவி ஒரு லிட்டரை ஒட்டித்தான். புதிதாக இந்த வேலையில் இறங்குபவரின் முதல் பாலியெஸ்டர் பலகை அழகாக வந்து, இரண்டாவதாகச் செய்த பருத்திப் பலகை அம்மை போட்டது போல வருவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எனவே துணியை முதலில் சுட வேண்டும். சுடுவது என்றால் ஃபிலிம் இல்லாமல், 100 டிகிரியைச் சற்றே தாண்டிய சூட்டில், ஆவி போக வழிவிட்டுக் காயவைப்பது. எடுத்தவுடன் ஃபிலிமுக்குள் அடைத்துவிட வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று மேசையில் போட்டுவிட்டுப் போனால், மழைக்காலத்தில் துணி போன ஈரத்தில் பாதியைத் திரும்பக் குடித்துவிடும். பிளைவுட்டும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைகளும் ஈரம் பிடிப்பவைதான். துணியை மட்டும் காயவைத்துவிட்டு அடிப்பலகையை மறந்தால் கொப்புளம் கீழிருந்து வரும்.

காற்றையும் மிச்ச ஈரத்தையும் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் எதிரெதிர் தத்துவம். ஒன்று பிரஸ். ஐரோப்பியத் தரநிலை இஎன் 438, உயர் அழுத்த லேமினேட் என்று சொல்லிக்கொள்ள 120 டிகிரிக்குக் குறையாத சூடும் 5 மெகாபாஸ்கலுக்குக் குறையாத அழுத்தமும் கேட்கிறது. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 50 மடங்கு. இந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்கவே முடியாது; 130 டிகிரியில்கூட மூன்று வளிமண்டல அழுத்தம் இருந்தாலே அது திரவமாகத்தான் இருக்கும். காற்றும் நசுங்கி ரெசினில் கரைந்துவிடும். இங்கே ஒரு சூது இருக்கிறது. ஈரம் வெளியே போகவில்லை, அடங்கிக் கிடக்கிறது. சூடு ஆறுவதற்குள் பிரஸைத் திறந்தால், அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே நொடியில் ஆவியாகிப் பலகைக்குள் சின்ன வெடிச்சத்தமே கேட்கும். ஆகவே உருகும் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துபவர்கள் அழுத்தத்தை விடாமலே பிரஸ் தகடுகளில் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்வித்த பிறகுதான் திறப்பார்கள். அவசரப்பட்டவன் பலகை என்று பெயரே வைக்கலாம் கொப்புளம் நிறைந்த பலகைக்கு.

இரண்டாவது வழி வேக்குவம். துணி, ஃபிலிம், தகடு எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு, பம்பால் காற்றை உறிஞ்சிவிட்டுச் சூடாக்குவது. அழுத்தம் ஒரு வளிமண்டலத்துக்கு மேல் போகாது என்று அலட்சியம் வேண்டாம். சதுர மீட்டருக்கு அதுவே 10 டன் எடை. இங்கே ஈரத்தை அடக்குவதில்லை. குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்து ஆவியாகும், பம்ப் அதை இழுத்துப் போய்விடும். கண்ணாடிக்கு நடுவே துணி வைத்த தடுப்புகளை ஈவிஏ ஃபிலிம் போட்டுச் செய்வது இந்த முறையில்தான். ரகசியம் சூட்டின் வேகத்தில் இருக்கிறது. ஈவிஏ 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே, ஃபிலிம் இன்னும் தாளாக இருக்கும்போதே, 60 டிகிரியை ஒட்டி நிறுத்தி வைத்து உறிஞ்ச வேண்டும். அந்த நேரத்தில் துணியின் நெசவு ஆயிரம் சின்னக் குழாய்களாக வேலை செய்து காற்றை ஓரத்துக்குக் கடத்தும். ஃபிலிம் இளகிவிட்டால் குழாய்கள் அடைபட்டுவிடும். நடுவில் மாட்டிய காற்று அங்கேயே சமாதி. சூட்டை நேராக ஏற்றிவிடுபவர்களின் பலகையில் ஓரம் தெளிவாகவும் நடுவில் மேகம் போலவும் இருக்கும். பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

அந்த மேகத்தை மேஜைவிளக்கின் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரிய குமிழ் எதுவும் இல்லை. பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கே ஏறி இறங்கும் ஒவ்வொரு சந்தியிலும் ஊசிமுனை அளவு வெள்ளிப் புள்ளி. நூலுக்குள் இருக்கும் முறுக்கின் நடுவே நீளவாக்கில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு. ஃபிலிம் நூலைச் சுற்றி வளைத்துப் பிடித்துவிட்டது, நூலின் வயிற்றுக்குள் போகவில்லை. நூல் எவ்வளவு இறுக்கமான முறுக்கோ அவ்வளவு இந்தக் கோடு தெரியும். தளர்ந்த முறுக்கும் இடைவெளிவிட்ட நெசவும் உள்ள வாயில் (voile) என்ற மெல்லிய துணி, வலைத்துணி, சல்லடை போன்ற லினன் ஆகியவை இந்த வேலைக்குச் சுகமாக இருப்பதும், அடர்ந்த ஜீன்ஸ் துணி படுத்துவதும் இதனால்தான். ஜீன்ஸில் மேற்பரப்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும், நடுத்துணி உலர்ந்தே கிடக்கும். பிறகு ஒருநாள் பலகை பிரிந்தால், ஒட்டு விடாது. ஜீன்ஸ் தன் நடுவயிற்றில் இரண்டாகக் கிழியும். பசையைக் குறை சொல்வார்கள், பாவம்.

எந்த ஃபிலிம் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பாலிஎத்திலீன் 110 டிகிரியை ஒட்டி உருகும், மலிவு, வாசனை இல்லை. ஆனால் மெழுகு போல மென்மையானது, நகம் பட்டால் கோடு விழும், மேலே வேறெதுவும் ஒட்டாது. ஒட்டும் ஃபிலிமாக உள்ளே வைக்க நல்லது, வெளிமுகமாக வைக்க ஆகாது. வெளிமுகத்துக்கு அக்ரிலிக், பிஇடிஜி, பாலிகார்பனேட் தகடுகள் உண்டு. இவற்றில் பிஇடிஜி துணிக்கு ரொம்பவும் இணக்கமானது. 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்குவதால் நடுத்தரச் சூட்டிலேயே இரண்டு தகடு துணியை நடுவில் வைத்து ஒன்றாகிவிடும். இறுகிய பிறகு வளைத்தாலும் அக்ரிலிக்கைப் போலச் சடக்கென்று உடையாது. பாலிகார்பனேட்டுக்கு 150 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் நேரம் கூடினால் பருத்தி பழுப்பேறும், பட்டு அதற்கும் முன்னால்.

சூட்டில் சாயமும் நடமாடும் என்பதை யாரும் முதலில் எதிர்பார்ப்பதில்லை. பாலியெஸ்டருக்குப் போடும் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை, இழைக்குள் கரைந்து உட்கார்ந்திருக்கிறது. 180, 200 டிகிரியில் அது நேராக ஆவியாகவே கிளம்பிவிடும். டி-ஷர்ட்டில் படம் மாற்றும் அச்சு முறை வேலை செய்வதே இந்தக் குணத்தால்தான். அதற்குக் கீழான சூட்டிலும், பக்கத்தில் இளகிய பிளாஸ்டிக் இருந்தால் சாயம் மெல்ல அங்கே குடிபெயரும். சிவப்புப் பூவின் ஓரத்தில் ரோஜா நிற நிழல் படர்ந்திருந்தால் அதுதான். மென்மையாக்கும் எண்ணெய் கலந்த பிவிசி ஃபிலிம் இதில் எல்லாவற்றையும்விட மோசம். சூடே இல்லாமல், மாதக்கணக்கில், சாயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் போட்டிருந்தால் இந்தக் கவலை குறைவு, அது இழையோடு பிணைந்துவிடுவது. துணியை வெள்ளைத் துண்டு ஒன்றோடு சேர்த்து அதே ஃபிலிமில் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பதைத் தவிரக் கண்டுபிடிக்க எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது வளைவு. புதியவர்களை அழவைப்பது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பலகை பிரஸிலிருந்து நேராகத்தான் வெளியே வரும். மறுநாள் காலையில் படகு போல வளைந்து கிடக்கும். அக்ரிலிக்கும் பிஇடிஜியும் 100 டிகிரி ஆறும்போது மீட்டருக்கு 7 மில்லிமீட்டர் சுருங்கும். மரம் ரேகை வாக்கில் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் சுருங்கும். சூட்டில் ஒட்டிய கணத்தில் இரண்டும் ஒரே அளவு. ஆறியதும் ஒன்று சுருங்க நினைக்கிறது, மற்றது விடமாட்டேன் என்கிறது. பலகை வளைந்து சமரசம் செய்துகொள்கிறது. மருந்து ஒன்றே: முன்பக்கம் என்ன ஒட்டுகிறோமோ, பின்பக்கமும் அதே தடிமனில் அதேபோல் ஒட்டுவது. பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று மிச்சம் பிடித்தால், கதவு சாத்தாமல் போகும்போது எல்லோரும் பார்ப்பார்கள். துணியின் பாவும் பின்பக்கத் துணியின் பாவும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. நெசவில் பாவு விறைப்பாக இழுபட்டிருக்கும், ஊடை ஏறி இறங்கி நெளிந்திருக்கும். சூட்டில் இரண்டும் ஒரே மாதிரி சுருங்காது. குறுக்கே மாற்றி வைத்தால் பலகை மூலைக்கு மூலை முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கு பாரம் வைத்தாலும் நேராகாது.

வீட்டில் சின்ன அளவில் செய்து பார்க்க இஸ்திரிப் பெட்டி போதும். புள்ளிக் குறியீட்டில் ஒரு புள்ளி அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று 200. பாலிஎத்திலீனுக்கு இரண்டு புள்ளி சரி. அடியிலும் மேலேயும் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள், நடுவே ஃபிலிம், காயவைத்த துணி, ஃபிலிம். நீராவிப் பொத்தானை அணைத்திருக்க வேண்டும். சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் மறந்திருக்கிறேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நெசவு சாய்ந்துவிடும், கட்டம்போட்ட துணியில் அது அசிங்கமாகத் தெரியும். எடுத்ததும் தட்டையான கனத்த புத்தகங்களுக்கு அடியில் ஆறவிட வேண்டும். ஆலையின் பிரஸில் தண்ணீர் ஓடுவதற்குச் சமமான வேலையை அந்தப் புத்தகங்கள் செய்கின்றன.

கையில் கிடைத்த ஃபிலிம் எதுவென்று தெரியாமல் சூடுபடுத்துவது மட்டும் வேண்டாம். மேசைவிரிப்பாகவும் திரையாகவும் வரும் மெத்தென்ற தெளிவான ஃபிலிம் பெரும்பாலும் பிவிசி. இஸ்திரிப் பெட்டியின் உச்சச் சூட்டில் அது சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மூக்கும் தொண்டையும் எரியும், பெட்டியின் உலோகமும் அரிக்கும். சோதனை எளிது. நகக்கண் அளவு வெட்டி, ஈரப்படுத்திக் குமிழ் ஒட்டாமல் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் தண்ணீரைவிட எடை குறைந்தவை, மிதக்கும். பிவிசி மூழ்கும். பிஇடி போன்ற வேறு சிலவும் மூழ்கும்தான், ஆனால் மூழ்குவதை எல்லாம் இஸ்திரிப் பெட்டியிடம் கொடுக்காமல் இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. மிதந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

முகம் எவ்வளவு தெளிவாக வந்தாலும் பலகையின் ஆயுளைத் தீர்மானிப்பது ஓரம். ரம்பத்தில் வெட்டிய ஓரத்தில் ஆயிரக்கணக்கான நூல்முனைகள் திறந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு விளக்குத் திரி. ஈரத்துணியால் துடைக்கும்போது திரி வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். நூலின் வயிற்றில் அந்த வெள்ளிக் கோடு இருந்தால் சுலபமாக ஏறும். கொஞ்ச நாளில் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்கு நிறம் மாறி, பிறகு பூஞ்சணமும் வரும். இதைத் தவிர்க்கத் துணியைப் பலகையைவிட ஒரு சென்டிமீட்டர் உள்தள்ளி வெட்டி வைத்து, ஓரத்தில் ஃபிலிமும் ஃபிலிமும் மட்டும் நேராக ஒட்டும்படி விடலாம். சட்டம் போட்ட படம் மாதிரி இருக்கும். பெரிய ஷீட்டாகச் செய்து பிறகு வெட்டும் தொழிற்சாலை முறையில் இது முடியாது, ஆகவே அங்கே எட்ஜ் பேண்ட் என்ற ஓரப்பட்டி ஒட்டியோ தெளிவான ரெசின் தடவியோ மூடுகிறார்கள். பாலியெஸ்டர் துணியின் இழை தண்ணீரை உறிஞ்சாது என்றாலும் இழைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அதிலும் தண்ணீர் ஏறும். வெயில் பற்றி ஒரு வரி: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்த ஃபிலிம் சாயம் வெளுப்பதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

இவ்வளவு பாடுபட்டு ஒன்றாக்கியதை என்றைக்காவது பிரிக்க வேண்டிவரும். இதில் துணிப்பலகைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கிழக்கு ஜெர்மனியில் கார் உடம்புக்குப் போதிய உருக்குத் தகடு கிடைக்காத காலத்தில், பருத்திக் கழிவை ஃபீனாலிக் ரெசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திய ட்யூரோபிளாஸ்ட் பலகையால் டிராபண்ட் காரின் வெளியுடம்பைச் செய்தார்கள். 1957-இலிருந்து 1991 வரை 30 லட்சம் கார்களுக்கும் மேல். துரு பிடிக்காத வெளியுடம்பு. பெர்லின் சுவர் இடிந்து, மக்கள் வேறு கார்களுக்கு மாறியபோது இந்தப் பலகைகளை என்ன செய்வதென்று யாருக்கும் புரியவில்லை. ஃபீனாலிக் ரெசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது, பருத்தியை அதிலிருந்து பிரிக்க முடியாது, எரித்தால் புகை.

சூட்டில் உருகும் பிளாஸ்டிக்கால் செய்த பலகைக்கு அந்தக் கதி இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். மறுபடி சூடாக்கினால் பிரியும்தானே என்பது வாதம். துணியும் ஃபிலிமும் ஒரே குடும்பம் என்றால், உதாரணமாகப் பாலிப்ரோப்பிலீன் துணிக்குப் பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் என்றால், அது சரி. பிரிக்கவே வேண்டாம், மொத்தமாக அரைத்து உருக்கலாம். பருத்தியும் பாலிஎத்திலீனும் கலந்ததில் செய்து பார்த்தேன். ஆரம்பத்தில் பாழான அந்த வெள்ளைப் பூவேலைப் பலகையைத்தான் எடுத்தேன். சூடுபடுத்தி, ஒரு மூலையை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல் ஃபிலிம் நூல் நூலாக நீண்டு வந்தது, பாகு போல. ஃபிலிமின் உட்பக்கம் முழுக்கப் பஞ்சு ரோமம். துணி வந்தது, ஆனால் மடங்கவில்லை; நெசவின் ஒவ்வொரு கண்ணிலும் பிளாஸ்டிக் உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, ஃபிலிம் நூலோடு கொஞ்சம் பஞ்சையும் பிய்த்துக்கொண்டு போன இடங்களில் மட்டும் காற்று திரும்பி வந்திருந்தது. அங்கே அரைகுறையாக, வெள்ளையாக, ஒரு பூவிதழின் பாதி தெரிந்தது.